கோடிங் ரேட்டைக் கூட்டியும் தகவல் தொலைவது ஏன்?

கேள்வி: கானாடுகாத்தானில் மூன்று பழைய வீடுகளை விடுதியாக நடத்துகிறோம். தண்ணீர்த் தொட்டி, கிணற்று மோட்டார், தோட்டத்து மண் ஈரம் ஆகியவற்றைக் கவனிக்க 20 லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் வானொலி முறை) சென்சார்கள் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒருமுறை 20 பைட் அனுப்பும். ஒரே சேனலைக் கேட்கும் சிறிய கேட்வே (சென்சார்களின் தகவலை வாங்கும் கருவி) அலுவலக அறையில் இருக்கிறது. தகவல் விட்டுவிட்டு வந்ததால், பொருத்தியவர் எஸ்.எஃப். (ஸ்பிரெடிங் ஃபாக்டர்; கூட்டினால் எட்டும் தூரமும் அனுப்பும் நேரமும் கூடும்) 12, கோடிங் ரேட் (பிழைதிருத்தத்துக்குச் சேர்க்கும் கூடுதல் பிட்டுகளின் அளவு) 4/8 என்று உச்சத்தில் வைத்துவிட்டார். இப்போது பாதிக்கு மேல் வருவதில்லை. மின்சாரம் போய் வந்தால் இன்னும் மோசம். பிழைதிருத்தம் கூடினால் நல்லதுதானே?

பதில்: உங்கள் விஷயத்தில் இல்லை. பிழைதிருத்தம் இரைச்சலுக்கு மருந்து. உங்களுக்கு வந்திருப்பது மோதல்.

லோராவில் 4 பிட் தகவல், கோடிங் ரேட்டைப் பொறுத்து 5 முதல் 8 பிட் வரை நீண்டு போகும். 4/5, 4/6 இரண்டும் பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். 4/7, 4/8 அப்படி நீண்ட ஒவ்வொரு பிட் தொகுதியிலும் ஒரு பிட்டைத் திருத்தும். ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட முறையின் வழிவந்தவை இவை. சட்டென்று வந்து போகும் இரைச்சலை இவை சமாளிக்கும். ஆனால் ஒரே எஸ்.எஃப்.பில் இரண்டு பாக்கெட்டுகள் (ஒரு தடவையில் அனுப்பும் தகவல் கட்டுகள்) நெடுநேரம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், ஒரு பிட் திருத்தம் எந்த மூலைக்கு? வளவில் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசும்போது, ஒவ்வொருவரும் சொன்னதையே இரண்டு முறை சொன்னால் கூச்சல்தான் கூடும்.

கணக்கைப் பாருங்கள். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில், உங்கள் அமைப்பில் ஒரு பாக்கெட் ஏறத்தாழ 1.7 நொடி வானில் இருக்கிறது. 20 சென்சார்களுக்கு நிமிடத்தில் 34 நொடி! எளிய சென்சார்கள் மற்றவை பேசுகின்றனவா என்று கேட்டுவிட்டுப் பேசுவதில்லை; 1971இல் ஹவாயில் ஓடிய அலோகா என்ற வானொலிக் கணினி வலையின் முறைதான். அந்தக் கணக்குப்படி மூன்றில் ஒரு பாக்கெட்தான் மோதாமல் தப்பும். வலுவான சிக்னல் மோதலிலும் பிழைப்பதுண்டு என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாக வரலாம். கோடிங் ரேட்டை மட்டும் 4/5 ஆக்கினால் 1.3 நொடி, போதாது. எஸ்.எஃப். 9, 4/5 என்றால் 0.19 நொடிக்கும் குறைவு. அனுப்பும் இடைவெளியையும் ஐந்து நிமிடமாக்கினால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தப்பிவிடும். தொட்டி நீர்மட்டத்தை நிமிடத்துக்கு நிமிடம் அறிந்து என்ன செய்யப்போகிறீர்கள்?

எஸ்.எஃப்.பைக் குறைத்தால் எட்டும் தூரமும் குறையும், உண்மை. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் உங்களுடையவை. இடையில் தடித்த சுவர்கள். எனவே முதலில் கேட்வேயின் ஆன்டெனாவை மாடிக்கு ஏற்றுங்கள். இதற்கு ஈடாக எந்தப் பிழைதிருத்தக் குறியீடும் இல்லை. பிறகு மிகப் பலவீனமான சென்சாரின் எஸ்.என்.ஆர். (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் வலு) அளவைப் பாருங்கள். எஸ்.எஃப். 9க்கு மைனஸ் 12.5 டெசிபெல் வரை போதும். மைனஸ் 7க்கு மேலே நின்றால் கவலை வேண்டாம்.

மின்சாரம் வந்ததும் எல்லாச் சென்சார்களும் ஒன்றாக விழித்து, ஒரே தாளத்தில் அனுப்பி, மறுபடியும் மறுபடியும் மோதிக்கொள்கின்றன. ஒவ்வொரு அனுப்பலுக்கும் முன் சில நொடிகள் தற்செயலான தாமதம் சேர்க்கச் சொல்லுங்கள். சி.ஆர்.சி. சோதனையை (பாக்கெட் முழுதாக, பிழையின்றி வந்ததா என்று பார்க்கும் சோதனை) அணைக்க விடாதீர்கள். 4/5இல் கெட்ட தகவலைத் தள்ளிவிடுவது அதுதான்.

மாற்றும்போது ஒன்று. வழக்கமான அமைப்பில் கோடிங் ரேட் பாக்கெட்டின் தலைப்பிலேயே வருவதால் அதைச் சென்சார் சென்சாராக மாற்றலாம். எஸ்.எஃப். அப்படியில்லை. எல்லாச் சென்சார்களையும் மாற்றிவிட்டுக் கடைசியாகக் கேட்வேயை மாற்றுங்கள். விட்டுப்போன சென்சாரின் குரல் அதன் பிறகு கேட்காது.