வாசகர் கேள்வி – பதில்: மலைமுகட்டில் ஒரு மணிக்கூட்டுக் கடை

கேள்வி: நான் மல்லாவியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 67. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் வாழும் என் மகள், வரும் ஆவணியில் என்னை யுங்பிராவ்யோக் மலைக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள கடையில் விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்று வாங்கித் தரப்போவதாகக் கூறுகிறாள். அவ்வளவு உயரத்தில் விற்கப்படும் கடிகாரத்துக்குத் தனிச்சிறப்பு ஏதும் உண்டா? பார்த்துவிட்டு வாங்காமல் திரும்புவது மரியாதைக் குறைவாகுமா?

பதில்: ஐயா, இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் கூறுகிறேன், நம்மவர் பலர் இந்தத் தயக்கத்தினாலேயே இத்தகைய கடைகளின் வாசலோடு திரும்பிவிடுகின்றனர். பார்க்க வருபவருக்கு எடுத்துக் காட்டுவதும் அக்கடைக்காரரின் தொழிலே. பின்புறத்தில் கண்ணாடி பதித்த இயந்திரக் கடிகாரம் ஒன்றைக் காட்டுமாறு தயங்காமல் கேளுங்கள். மயிரிழை போன்ற சுருள்வில் சுருங்கி விரிய, சிறு சக்கரமொன்று இருபுறமும் ஊசலாடும். இன்றைய கடிகாரங்கள் பலவற்றில் அது மணிக்கு 28,800 தடவை அசைகிறது. வாழ்நாள் முழுவதும் மாணவருக்குக் கற்பித்த உங்களுக்கு அந்தக் காட்சி ஒன்றுக்காகவே மலையேறலாம்.

உயரத்தால் கடிகாரத்துக்குச் சிறப்பு எதுவும் கூடுவதில்லை. யுங்பிராவ்யோக் 3,454 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; 1896 இல் தொடங்கி ஐகர், மோன்ஹ் மலைகளின் உட்புறத்தைக் குடைந்து 1912 இல் நிறைவேற்றிய புகையிரதப் பாதையே அங்கு செல்கிறது. கடிகாரங்களோ அங்கு செய்யப்படுவதில்லை. ஜெனீவாவும், 2009 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த லா ஷோ த ஃபோன், லு லொக்ல் ஆகிய யூரா மலைத்தொடர் நகரங்களுமே இத்தொழிலின் தாயகம். பனி மூடிய மாதங்களில் வயல்வேலையற்றிருந்த யூரா உழவர்கள் வீட்டிலிருந்தே கடிகார உறுப்புகளைச் செய்து பழகினர். குளத்தில் நீர் போதாமல் சிறுபோகம் தவறிய ஆண்டுகளில் நம்மவர் கையைக் கட்டிக்கொண்டிருந்ததை எண்ணும்போது, அந்த உழவர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

ஆகவே மேலே பாருங்கள், கீழே வாங்குங்கள் என்பதே என் கருத்து. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். குளக்கட்டைத் தவிர வேறு மேடு அறியாத வன்னி மனிதருக்கு அங்கே மூச்சு வாங்கும். இறங்கும் புகையிரதத்தின் நேரமும் நெருக்கும். பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருளை அந்த நிலையில் தெரிவு செய்ய வேண்டாம். இருதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால், புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது என்பதை நம் மண்ணை வைத்துத் தீர்மானியுங்கள். இயந்திரக் கடிகாரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவு செய்து எண்ணெயிட வேண்டும். அதற்கு மல்லாவியிலிருந்து கொழும்புக்கோ, மகளிடமோ அனுப்ப நேரிடும். விநாடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தால் ஓடும் கடிகாரத்துக்கு மின்கலம் மாற்றினால் பெரும்பாலும் போதும். தோற்பட்டி நம் வியர்வையில் விரைவில் கெட்டுவிடும். உருக்குச் சங்கிலியும் 100 மீற்றர் நீர்த்தாங்குதிறனும் உடையதைத் தேடுங்கள்.

விலைச்சீட்டை உங்கள் கடவுச்சீட்டைக் காட்டி உங்கள் பெயரிலேயே எழுதுவியுங்கள். ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் வாங்கி, நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லும், வெளிநாட்டில் வசிப்பவர் பெறுமதிசேர் வரியைத் திரும்பப் பெறலாம். சுவிற்சர்லாந்தில் வசிக்கும் உங்கள் மகளுக்கு அவ்வசதி இல்லை. அதற்குரிய படிவத்தைப் பணம் செலுத்துமுன்பே கேளுங்கள்.

கேள்வி: சுவிஸிலிருந்து அண்ணன் அனுப்பிய தானியங்கி மணிக்கூட்டை இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடுகிறது. பழுதாகிவிட்டதா? (ஒட்டுசுட்டான் வாசகி)

பதில்: இல்லை, தங்கையே. கையின் அசைவினால் உள்ளே சுழலும் எடை, சுருள்வில்லை முறுக்குவதாலேயே அது ஓடுகிறது. கழற்றி வைத்தால் பலவற்றில் அம்முறுக்கு இரண்டு நாளுக்குள் தீர்ந்துவிடும். பெரும்பாலான வகைகளில், பக்கத்திலுள்ள திருகை இருபது முப்பது தடவை முன்புறமாகச் சுற்றி, நேரத்தைச் சரிசெய்து அணியலாம். நீரில் நனையுமுன் அத்திருகு இறுக மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.