மனநலக் கேள்வித்தாள்: வாசகர் கேள்வி, நம் பதில்

கே: மனச்சோர்வைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்கும் பி.எச்.க்யூ-9 தாளில் 10 மதிப்பெண் வந்தால் மனச்சோர்வு நோய் என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (காட்பாடி)

கூடாது. 27க்கு 10 என்றால் இவரை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்றுதான் பொருள். கேள்வித்தாள் சல்லடை, நோயைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். இதை எத்தனை முறை எழுதினாலும் மறுபடி கேட்கிறார்கள்.

கே: பெக் மனச்சோர்வுத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா? (வாலாஜா)

அதற்குக் காப்புரிமை உண்டு, பணம் கட்ட வேண்டும். காசு இல்லையென்றால் பி.எச்.க்யூ-9, பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி-7 இரண்டும் இலவசம்.

கே: குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களுக்குப் பெக் நம்பிக்கையின்மைத் தாளைப் படித்துக் காட்டினோம். பலர் அதிலுள்ள இருபது வாக்கியங்களுக்கும் 'ஆமாம்' என்றார்கள். சேர்க்கலாமா?

வேண்டாம். அந்த இருபதில் பதினொன்றுக்குத்தான் 'ஆமாம்' நம்பிக்கையின்மையைக் காட்டும். மீதி ஒன்பதுக்கு 'இல்லை'. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாலே 11 வந்துவிடும், அதாவது 9 என்ற எல்லைக்கோட்டுக்கு மேலே. வேலை நேரத்தில் படித்துக் காட்டினீர்களா? அவர்கள் கை பீடியில், மனம் கணக்கில் இருந்திருக்கும்.

கே: ஆம்பூரில் தோல் தொழிலாளர்களிடம் சுமார் 200 தாள் வாங்கினேன். பி.எச்.க்யூவின் ஒன்பதாம் கேள்விக்குச் சிலர் 'பாதி நாளுக்கு மேல்' என்று குறித்திருக்கிறார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் என்ன சொல்வது?

வைவா இருக்கட்டும், அந்த மனிதர்கள் எங்கே? தாள் வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்றுகூட எழுதவில்லை. ஒன்பதாம் கேள்வி செத்துப்போனால் தேவலை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் 4 ஆக இருந்தாலும் சரி, அந்தக் கட்டத்தில் 'இல்லவே இல்லை' தவிர எதைக் குறித்திருந்தாலும், அவர் எழுந்து போகும் முன் பேசியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வேட்டுக்குக் கணக்குப் பார்க்கக் கூப்பிட்டார்கள். சணல் கயிறு கட்டிய கட்டு, மூன்று மாதப் பழசு. ஒரு தாளில் ஒன்பதாவதுக்கு 'ஏறக்குறைய தினமும்' என்று இருந்தது. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாளில் எண் போடுங்கள், தொடர்பு விவரத்தைத் தனி நோட்டில் பூட்டி வையுங்கள், யாரிடம் அனுப்புவது என்று முன்பே பேசி வையுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது அதனால்தான். நீங்கள் இன்றே ஆம்பூர் போங்கள். அப்படிக் குறித்த ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து 14416க்கு (அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்) போன் போடுங்கள், அப்புறம் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கே: ஊர்ப்புறத்தில் 'பதற்றம்' என்றால் புரியவில்லை. 'நெஞ்சு படபடப்பு' என்று மாற்றிக்கொள்ளலாமா? (அணைக்கட்டு)

நீங்களாக மாற்றாதீர்கள். படபடப்பு என்றால் இதய நோய்க்காரரும் 'ஆமாம்' என்பார். புதுச் சொல்லைப் போட்டால், மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். பிறகு ஊரில் பத்துப் பேரிடம் "இதைக் கேட்டதும் என்ன நினைத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.