தரம் 5 பரீட்சை இங்கே இல்லை: வட்டக்கச்சியிலிருந்து வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கிளிநொச்சி வட்டக்கச்சியிலிருந்து குடும்பத்துடன் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகன் கணக்கில் தன் வயதுக்கு மிஞ்சி நிற்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கே கிஃப்டட் என்று சொல்லப்படும் மீத்திறன் வகுப்புக்கு எந்தப் பரீட்சை, எந்த ரியூசன், வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை அவன் நாள்தோறும் ஒரு கொப்பியில் குறித்து வைத்து, மழை இப்படியே பெய்தால் குளம் எப்போது நிரம்பி வான் பாயும் என்று அப்பப்பாவுக்குக் கணக்குச் சொன்ன கதையை வாசித்தபின், பதிலைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளும் இலங்கையின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மனத்தில் வைத்துக் கேட்டவை. மொத்தம் 200 புள்ளி, மாவட்டத்துக்கு ஏற்ற வெட்டுப்புள்ளி, தாண்டிய பிள்ளைக்குப் பெரிய பாடசாலையில் இடம் என்ற அந்த ஒழுங்கிலேயே நாம் எல்லோரும் வளர்ந்தோம். ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படி ஒரு பரீட்சை இல்லை. மூன்றாம், ஆறாம் வகுப்புகளில் நடக்கும் மாகாணச் சோதனை பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணிதத்திலும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்கானது. அதில் உயர்ந்த பெறுபேறு வந்தாலும் அதைக் கொண்டு எவரும் மீத்திறன் வகுப்புக்குத் தெரிவு செய்யப்படுவதில்லை. இம்மாகாணத்தின் சட்டத்தில் மீத்திறன், விசேட கல்வியின் ஒரு பகுதி. நடத்தை, தொடர்பாடல், அறிவாற்றல், உடல், இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்தது என்று விசேட கல்விக்கு ஐந்து பிரிவுகள் வகுத்திருக்கிறார்கள். அறிவாற்றல் என்ற பிரிவுக்குள்ளே மீத்திறன் வருகிறது. சாதாரண வகுப்பில் கிடைக்கும் படிப்பின் ஆழமும் அகலமும் போதாத பிள்ளைக்கு வேறு விதமாகக் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இந்த ஒரு விடயம் தெரியாததால் என் மகள் இரண்டு ஆண்டுகளை இழந்தாள். 2011இல் நாங்கள் வந்தபோது அவள் நான்காம் வகுப்பு. அடுத்த ஆண்டு பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உளவியலாளர் ஒருவர் பிள்ளையைத் தனியாக இருத்திப் பார்ப்பதற்கு எங்கள் சம்மதத்தைக் கேட்டிருந்தார்கள். கடிதத்தின் தலைப்பில் விசேட கல்வி என்று இருந்தது. கிளிநொச்சியில் அந்தச் சொல்லுக்கு இருந்த ஒரே பொருளோடுதான் நானும் மனைவியும் அதை வாசித்தோம். ஆங்கிலம் வராததால் பிள்ளையை மெல்லக் கற்கும் மாணவர் பட்டியலில் சேர்க்கப் போகிறார்கள் என்று பயந்து, கையொப்பம் இடாமலே திருப்பி அனுப்பினோம். பாடசாலையிலும் எவரும் எங்களை அழைத்து விளக்கவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு கணித ஆசிரியை எங்களை இருத்தி, அந்தக் கடிதம் எதற்காக வந்தது என்று சொன்னபோது மனைவி அங்கேயே அழுதுவிட்டார். ஆகவே, விசேட கல்வி என்ற தலைப்பில் கடிதம் வந்தால் மறுக்காதீர்கள். முதலில் முழுவதையும் விளங்கிக்கொள்ளுங்கள். பல பாடசாலைகளில் புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவும் குடியேற்றப் பணியாளர் இருப்பார், அவரிடம் காட்டுங்கள்.

பிள்ளையை அடையாளம் காணும் முறை கல்விச் சபைக்குச் சபை மாறுபடும். மூன்றாம் அல்லது நான்காம் வகுப்பில் முழு வகுப்புக்கும் ஒரு திறனறி சோதனை வைப்பது பல இடங்களில் வழக்கமாக இருந்திருக்கிறது. அதற்கெனப் பெரிதும் பயன்படும் கனேடியச் சோதனையில் சொல், எண், உருவம் என்று மூன்று பகுதிகள் உண்டு. அதன் பின்னர், தேவையானால், உளவியலாளர் வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையைத் தனியாகச் செய்வார். அதில் 100 சராசரி. 130 என்பது ஏறத்தாழ 98ஆவது சதமானம், அதாவது நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 98 பேருக்கு மேலே. புதிதாக வந்த பிள்ளை தடுமாறும் இடம் சொற்பகுதிதான். வீதியில் பேசும் ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும் என்றும், பாடநூலின் ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும் என்றும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜிம் கமின்ஸ் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லி வந்திருக்கிறார். எனவே சொற்பகுதியில் மகன் குறைவாக எடுத்தால் அது அவன் அறிவின் அளவு ஆகாது. மொத்தப் புள்ளியை மட்டும் கேட்டுவிட்டு எழும்பி வராமல், எண்ணிலும் உருவத்திலும் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பாடசாலை தானாகக் கூப்பிடும் வரையில் காத்திருக்க வேண்டியதும் இல்லை. 1998ஆம் ஆண்டின் 181ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, விசேட கல்வி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளங்காணும் குழுவின் முன் தம் பிள்ளையைக் கொண்டுசெல்லுமாறு பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் அதனை மறுக்க முடியாது. குழு எப்போது கூடும் என்பதை 15 நாள்களுக்குள் அவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். குழுவில் குறைந்தது மூவர் இருப்பார்கள். கூட்டத்துக்கு நீங்களும் போகலாம், உங்களுக்காகப் பேச ஒருவரையும் அழைத்துச் செல்லலாம். முடிவு பிடிக்காவிட்டால் 30 நாள்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். வாயால் கேட்பது மறந்துபோகும். எழுதிக் கொடுத்து, திகதியிட்ட பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள்.

அடையாளம் கண்டபின் சில பிள்ளைகள் சாதாரண வகுப்பிலேயே கூடுதல் ஆழத்தோடு படிப்பார்கள், சிலர் கிழமையில் சில மணி நேரம் வெளியே அழைத்துச் செல்லப்படுவார்கள், சிலர் முழுநேரத் தனி வகுப்புக்குப் போவார்கள். வகுப்புத் தாண்ட விடுவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் சித்தப்பா காலத்தில் டபுள் புறமோசன் ஒரு பெருமை. இங்கே பிள்ளைகளைப் பிறந்த ஆண்டின்படியே வகுப்பில் சேர்க்கிறார்கள். தாண்ட விடுவது மிக அரிது, அதிபர் தீர்மானிக்க வேண்டிய விடயம். வகுப்புத் தாண்டி நன்மை பெற்ற பிள்ளைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நண்பர்களையும் மொழியையும் இப்போதுதான் தேடத் தொடங்கியிருக்கும் பிள்ளையை இன்னொரு முறை இடம்பெயர்க்காதீர்கள். 1996இல் கிளிநொச்சியிலிருந்து அக்கராயனுக்குப் போய் மரத்தடியில் படித்தவன் நான். பழகிய முகங்கள் இல்லாத வகுப்பில் எந்தப் பாடமும் ஏறாது என்பதை அறிவேன். கணக்கில் மட்டும் மேல் வகுப்புப் பாடத்தைத் தர முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்பது இப்போதைக்குப் பொருத்தமானது.

ரியூசனுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திறனறி சோதனைக்குப் பழக்கிய பிள்ளை ஒருவேளை வகுப்புக்குள் போகலாம், ஆனால் போனபின் அங்கே தனியாகத் திணறும். அப்படித் திணறிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வோட்டர்லூப் பல்கலைக்கழகம் கிழமைக்கொரு கணக்கையும், தன் போட்டிகளின் பழைய வினாத்தாள்களையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குரிய கௌஸ் போட்டியின் தாள்களை அவன் இப்போதே விருப்பத்தோடு தொடக்கூடும். கணக்கை நீங்கள் தமிழிலேயே விளக்குங்கள், அவனும் தமிழிலேயே யோசிக்கட்டும்.

ஆசிரியரைச் சந்திக்கப் போகும்போது அந்த இரணைமடுக் கொப்பியைக் கொண்டு போங்கள். எட்டு வயதுப் பிள்ளை எவரும் சொல்லாமல் நாள்தோறும் அளந்து குறித்து, அதிலிருந்து வரப்போவதைக் கணித்தான் என்பதை, ஆங்கிலம் தெரியாமலே அந்தப் பக்கங்கள் ஆசிரியருக்குக் காட்டும். அது வட்டக்கச்சி வீட்டிலேயே இருக்குமானால், ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி இன்றைக்கே உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்.