மாசம் எவ்வளவு வரும்? – கார் கேள்வி-பதில்

இந்த வாரம் சிலிம் ரிவர் சுற்று வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார் பற்றியவை. போனஸ் நெருங்குகிறது போல.

கேள்வி: புரோட்டோன் எக்ஸ்70 வாங்க ஆசை. நான், மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார். குடும்பத்துக்குச் சரிப்பட்டு வருமா? (துரோலாக்)

பதில்: அதில் ஐந்து இருக்கை. நீங்கள் ஆறு பேர். மாமியாரை எங்கே உட்கார வைப்பதாக உத்தேசம்?

பெரூடுவா அல்ஸாவுக்கு ஏழு இருக்கை. பார்க்கப் போகும்போது மொத்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் சாமான் வைக்கும் இடம் சுருங்கிவிடும், அதையும் பாருங்கள். இல்லாவிட்டால் பத்துமலைக்குப் போகும்போது புளிச்சோற்றுப் பானை உங்கள் மனைவியின் மடியில்தான்.

கேள்வி: வயது 24. வேலைக்குத் தோட்டத்துச் சாலையில் 14 கிலோமீட்டர் போகவேண்டும். என் பெரூடுவா மைவியை நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பழைய ஹோண்டா சிவிக் 1.5 டர்போ ஒன்று பார்த்திருக்கிறேன். எடுத்தவுடன் ஸ்பிரிங்கை இறக்கி, எக்ஸாஸ்ட் மாற்றலாம் என்று திட்டம். (பேராங்)

பதில்: 2016இல் வந்த சிவிக் டர்போவுக்கு 173 குதிரைத்திறன், மைவி 1.5க்கு 102. மிதித்தால் தன்னால் சிரிப்பு வரும், நானும் சிரித்திருக்கிறேன். ஆசைப்படுவதைத் தப்பென்று சொல்லமாட்டேன் தம்பி. ஆனால் உங்கள் 14 கிலோமீட்டரில் பாதித் தூரம் செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் போகப்போகிறீர்கள். லாரிக்கு உங்கள் குதிரைத்திறன் தெரியாது.

ஸ்பிரிங்கை இறக்கினால் தோட்டத்து மேடு ஒவ்வொன்றிலும் வண்டியின் அடிவயிறு உரசும். அந்தக் காசை டயரிலும் பிரேக்கிலும் போடுங்கள். பழைய கார் விற்பவர்கள் டயருக்குப் பளபளவென்று பாலிஷ் போட்டு வைப்பார்கள். குனிந்து பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் வரிப்பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடுதான். பால்மரத்து ஊர்க்காரனுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: வெள்ளைக் கார் நல்லதா, கறுப்பா?

பதில்: செம்மண் நிறத்தில் கிடைத்தால் வாங்குங்கள்.

கேள்வி: புது மைவி விலைக்குப் பன்னிரண்டு வருடத்து ஐரோப்பிய சொகுசுக் கார் வருகிறது. மச்சான் எடு எடு என்கிறார். (சுங்காய்)

பதில்: மச்சான் பாதிப் பணம் போடுகிறாரா என்று கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

எனக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்தது. பெயர் வேண்டாம், பெரிய பெயர்தான். 32,000 வெள்ளி. தோல் இருக்கை வாசனைக்கே மயங்கிவிட்டேன். கோயில் வாசலில் நிறுத்தியபோது நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு அதன் பெருமை முடிந்தது. மூன்றாம் மாதம் கியர்பாக்ஸ், 9,000. மழைக்காலத்தில் கண்ணாடி இறங்கியது, ஏறவில்லை. நம் ஊர் போர்மேன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு ஈப்போதான் போகணும்" என்றார். கடைசியில் 11,000க்குத் தள்ளிவிட்டேன். வீட்டில் இன்றும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

கார் பழசாகப் பழசாக அதன் விலைதான் இறங்குகிறது. உதிரிபாகத்தின் விலை, அந்தக் கார் புதிதாக இருந்த காலத்து உயரத்திலேயே உட்கார்ந்திருக்கும். நம் நாட்டிலேயே, குலிமிலும் பெக்கானிலும், பாகங்களைச் சேர்த்து ஐரோப்பிய கார்களைப் பூட்டுகிறார்கள் என்பது உண்மை. அதற்காகச் சாமான் உள்ளூர் விலைக்கு வந்துவிடாது. சாலை வரியையும் பாருங்கள். தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 1,500 சிசி என்றால் வருடத்துக்கு 90 வெள்ளி, 2,000 என்றால் 380, 3,000 என்றால் 2,130. வாங்கும் விலையில் இன்னொரு பாதியாவது கையில் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மச்சான் வாங்கட்டும், நீங்கள் ஏறிப் போய் வாருங்கள்.

கேள்வி: 90,000 வெள்ளிக் கடன், ஒன்பது வருடம், மாதம் 1,058தான் என்கிறார் சேல்ஸ்மேன். ஒப்பந்தத் தாளின் நகலை இணைத்திருக்கிறேன். கட்டுப்படியாகும்தானே? (தஞ்சோங் மாலிம்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் பல நாளாகக் காத்திருந்தேன். பசாரில் மீன் வாங்கப் போனால் கிலோ என்ன விலை என்று கேட்கிறோம், செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், ஒரு வெள்ளி குறைக்கச் சொல்லி நிற்கிறோம். கார் கடைக்குள் நுழைந்தால் மட்டும் "மாசம் எவ்வளவு வரும்?" மொத்த விலையை யாரும் கேட்பதில்லை. சேல்ஸ்மேனுக்கும் அதுதான் வசதி. மாதத் தவணை உறைக்கிறதா, வருடத்தைக் கூட்டிவிடுவார். ஐந்து ஏழாகும், ஏழு ஒன்பதாகும். நீங்களும் அவர் ஏதோ சலுகை தந்ததுபோல நன்றி சொல்லிவிட்டு வருவீர்கள்.

உங்கள் தாளைப் பார்த்தேன். ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று போட்டிருக்கிறது. அது மீதமிருக்கும் பாக்கிக்கு அல்ல. முதலில் வாங்கிய முழு 90,000க்கும் ஒன்பது வருடமும் சேர்த்துப் போட்ட வட்டி. கடன் கரையும், வட்டி கரையாது. ஆக வட்டி 24,300, மொத்தம் 114,300. அதை 108 மாதத்துக்குப் பிரித்தால் உங்கள் 1,058. குறைகிற பாக்கிக்குக் கணக்குப் போட்டால் இது ஏறக்குறைய ஐந்தரை விழுக்காட்டு வட்டி. அதே கடனை ஐந்து வருடத்தில் கட்டினால் வட்டி 13,500, மாதம் 1,725.

அவ்வளவு முடியாதே என்கிறீர்களா? அப்படியானால் அந்தக் கார் உங்களுக்கு முடியாத கார். இன்னொன்று, உத்தரவாதம் ஐந்து வருடம்தான். மீதி நான்கு வருடம் தவணையும் உங்கள் பை, பழுதும் உங்கள் பை. என் அக்கா மகன் ஏழாவது வருடத்தில் தவணை கட்டிக்கொண்டே கம்ப்ரஸர் மாற்றினான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

கேள்வி: நண்பருக்குத் தெரிந்தவரிடம் 6,000 கொடுத்து, மீதித் தவணையை நான் கட்டுவதாக 'சம்புங் பாயார்' முறையில் பெரிய கார் எடுத்தேன். மாதாமாதம் அவர் கணக்கில் பணம் போட்டேன். அவர் வங்கிக்குக் கட்டவில்லையாம். வங்கி ஆட்கள் வந்து காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் பணம்?

பதில்: கடைசித் தவணை முடியும்வரை கார் வங்கியுடையது. கடன் அவர் பெயரில், காப்புறுதி அவர் பெயரில். உங்கள் பெயரில் இருந்தது சாவிக்கொத்து மட்டும். பணம் போட்ட ரசீதுகளோடு போலீஸில் புகார் கொடுங்கள். அடுத்த முறை காசைக் கொடுப்பதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள், பின்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: முப்பது வருடம் பால் வெட்டியவள். ஊழியர் சேமநிதிப் பணத்தில் மகனுக்காகப் பழைய கார் கடையில் 23,000க்கு ஒரு கார் எடுத்தேன். மீட்டரில் 68,000 கிலோமீட்டர். சர்வீஸ் நிலையத்தில் போன வருடமே 170,000 ஓடியதாகப் பதிவு இருக்கிறது. கடைக்காரர், "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்கிறார். (பீடோர்)

பதில்: அம்மா, நீங்கள் பார்த்தது அவர் திருத்தி வைத்த எண்ணை. தப்பு உங்களுடையது அல்ல.

சர்வீஸ் பதிவின் நகலை வாங்குங்கள். விற்பனைத் தாள், விளம்பரம், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு தேதி குறிப்பிட்டு எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே போடலாம், மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும், கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டாம். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து, 14 நாளில் கடைக்காரர் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். பாரத்தை நிரப்ப மகனுக்குத் தடுமாற்றமாக இருந்தால் சனிக்கிழமை காலை என் வீட்டுக்கு அனுப்புங்கள். அந்தக் கடையின் பெயரையும் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: எல்லாருக்கும் புத்தி சொல்கிறீர்களே, உங்கள் கார் என்ன?

பதில்: 2011 மைவி. இடது பின் கதவு மட்டும் வேறு நிறம்.