கேள்வி-பதில்: க்ரூகருக்கு வீட்டோடு போகலாமா?

கேள்வி: அண்ணா, செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறைக்கு மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்போடு வரும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், மாமியார். ஐந்து இரவுக்கு ஐந்து முகாம். புரட்டாசி விரதம் வேறு. சரிப்பட்டு வருமா? (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: வண்டி சரி, திட்டம்தான் உதைக்கிறது. ஐந்து முகாமை இரண்டாக்குங்கள். பூங்காவுக்குள் தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 கிலோமீட்டர்தான் வேகம். ஸ்குகுசா முகாமிலிருந்து சடாரா முகாமுக்கு 90 கிலோமீட்டர் சொச்சம் என்று வரைபடம் சொல்லும், நடுவில் ஒரு யானைக் கூட்டம் ரோட்டை மறித்தால் அரை நாள் போச்சு. செப்டம்பரில் மாலை 6 மணிக்கு முகாம் வாசலை மூடிவிடுவார்கள், பிந்தினால் அபராதம்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. மோட்டார்ஹோம் என்றால் வீடும் காரும் ஒன்றே. காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போது சிங்கம் பார்க்கக் கிளம்ப வேண்டுமென்றால் வீட்டையே கிளப்ப வேண்டும்: முகாமின் மின்சாரத்தில் மாட்டிய நீல பிளக்கைப் பிடுங்கி, கேபிளைச் சுருட்டி, பந்தலை மடக்கி, அலமாரிக் கதவு ஒவ்வொன்றையும் பூட்டி... நாங்கள் போனபோது ஒரு கதவை மறந்துவிட்டேன். முதல் வளைவிலேயே பருப்புச் சட்டி கீழே வந்தது. அந்த மஞ்சள் கறைக்கு வாடகைக்காரரிடம் தனியாகப் பணம் கட்டினேன். திரும்பி வந்தால், நாங்கள் பிடித்த மர நிழலில் வேறொருவர் கேரவன்! கிளம்பும்போது ஒரு மேசை, இரண்டு நாற்காலியையாவது விட்டுவிட்டுப் போங்கள்.

அதனால் என் யோசனை, காலையில் வண்டியை அசைக்காதீர்கள். பூங்காவே திறந்த வண்டியில் விடியற்காலைச் சவாரி நடத்துகிறது, வாசல் திறக்கும் முன்பே கிளம்பிவிடுவார்கள். முன்பதிவு செய்யுங்கள். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் ஏற்ற மாட்டார்கள், அப்படியானால் மாமியாரோடு விட்டுப் போக வேண்டியதுதான். லோவர் சபி முகாமில் மூன்று இரவு தங்கினால், அங்குள்ள மேடையில் உட்கார்ந்தபடியே சபி ஆற்றைப் பார்க்கலாம், பக்கத்துச் சன்செட் அணையில் நீர்யானையும் முதலையும் உண்டு. மீதி இரண்டு இரவு சடாரா, அது சிங்கத்துக்குப் பேர்போன பக்கம்.

புரட்டாசிக்கு ஒரு வார்த்தை. முகாமின் பொதுச் சமையலறையில் அடுப்பு இருக்கும், ஆனால் எல்லோரும் இறைச்சி சமைக்கும் அடுப்பு அது. வண்டியிலுள்ள கேஸ் அடுப்பே மாமியாருக்கு நிம்மதி. சாயங்காலம் நாலு பக்கமும் பிராய் (கரியில் இறைச்சி சுடுவது) புகை வரும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. வழிக்கு ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொள்ளுங்கள், டர்பனிலிருந்து பூங்காவின் மலெலேன் வாசலுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். சாமிக்கு வைத்த வாழைப்பழத்தை மட்டும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். சாட்ஸ்வொர்த் குரங்கைப் பார்த்தவருக்கு நான் என்ன சொல்ல, அங்கே பபூனும் உண்டு.

அப்புறம் இரண்டு விஷயம். செப்டம்பரிலிருந்து மே வரை அந்தப் பக்கம் மலேரியாக் காலம், கிளம்பும் முன் மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். வண்டியின் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டினால் சாதாரண காருக்கான கோட் பி லைசன்ஸ் செல்லாது, கனமான வண்டிக்கான கோட் சி1 வேண்டும். பணம் கட்டும் முன்பே எடையைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அவ்வளவு தூரம் எதற்கு, ஷ்லுஷ்லுவே காப்பகம் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? (வாசகர், பீனிக்ஸ், டர்பன்)

பதில்: காண்டாமிருகம் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை, 1895இலேயே காப்பகமான காடு. ஆனால் உள்ளே மோட்டார்ஹோம் போட இடம் கிடையாது. செயின்ட் லூசியாவில் தங்கி, பகலில் போய் வாருங்கள். அந்த ஊரில் ராத்திரி நீர்யானை தெருவிலேயே புல் மேயும். கழிப்பறைக்குப் போகிறவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கட்டும்.