கேள்வி – பதில்: புற்றுக் காளானை எப்படி அறிவது?

கேள்வி: எங்கள் தோப்பில் முதல் மழைக்குப் பிறகு வெள்ளை வெள்ளையாகக் காளான்கள் முளைக்கின்றன. அவற்றில் சில புற்றுக் காளான் என்கிறார் என் மாமியார். எதை வைத்து அடையாளம் காண்பது? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: நம் மண்ணில் தானாக முளைக்கும் காளான்களில் சுவையில் புற்றுக் காளானுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வெண்மையையும் குடை வடிவத்தையும் மட்டும் பார்த்து அதுதான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். காளானைப் பிடுங்காமல், அதைச் சுற்றியுள்ள மண்ணைக் களைக்கொத்தால் மெல்ல விலக்கிப் பாருங்கள். தரைக்கு மேல் பருத்து நிற்கும் தண்டு, தரைக்குக் கீழே வேர் போலச் சிறுத்து நீண்டு, கறையான் கூட்டில் போய் முடிய வேண்டும். குடையின் நடுவே கூம்பு போன்ற முனை ஒன்றும் இருக்கும். இறுகிய மண்ணைத் துளைத்து மேலேறுவது அந்த முனையால்தான்.

கறையான்கள் தாம் தின்ற சருகையும் மரத்தையும் கொண்டு புற்றுக்குள் தேனடை போன்ற அடைகளைக் கட்டி, அவற்றின் மேல் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்து உண்கின்றன. மழையில் மண் நனைந்து நெகிழும்போது அந்தப் பூஞ்சை வெளியே அனுப்புவதுதான் நாம் பறிக்கும் காளான். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இடியோடு வரும் மழைக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும். அடியில் கூடு உயிரோடு இருக்கும்வரை அதே இடத்தில் ஆண்டுதோறும் முளைக்கக்கூடும் என்பதால், உங்கள் மாமியார் முன்பு எங்கே பறித்தார் என்று கேட்டு அவருடனேயே ஒருமுறை போய்வாருங்கள். அரிசி இறைத்தாற்போலப் புற்றின் மேல் கூட்டமாக முளைக்கும் சிறு காளானும் இதே இனத்தைச் சேர்ந்தது, அதுவும் உண்ணத்தக்கதே.

நீங்கள் அஞ்ச வேண்டியது புல்தரையிலும் தோப்பிலும் முளைக்கும் இன்னொரு வெள்ளைக் குடையை. அதன் மேல் பழுப்புச் செதில்கள் சிதறியிருக்கும். தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம் இருக்கும். குடையின் அடியிலுள்ள விசிறி மடிப்புகள் இளமையில் வெண்மையாகவே இருந்து, முதிர்ந்த பிறகே பச்சை பாய்வதால், மொட்டாகப் பறிப்பவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். முதிர்ந்த குடையொன்றை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுவதும் வையுங்கள். காலையில் தாளில் பச்சைத் தூள் படிந்திருந்தால் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிடலாம். தின்றால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பச்சைத் தூள் படியவில்லை என்பதற்காக அது நல்ல காளான் ஆகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: காளான் கொதிக்கும்போது வெள்ளிக் காசைப் போட்டால், விஷம் இருந்தால் காசு கறுக்கும் என்கிறார்களே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இதை நம்பிச் சாப்பிட வேண்டாம். வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். காளான் நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பூச்சி கடித்த காளான் நல்லது என்பதும் அப்படியே, ஏனெனில் நம்மைக் கொல்லும் காளானை நத்தை தின்றுவிட்டு நலமாக நகர்ந்துபோகும். உலகில் காளானால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான அமாட்டாக்சின் என்னும் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் அழிவதில்லை. தின்று 6 மணி நேரத்துக்கும் மேலான பிறகே வாந்தி தொடங்கும். பின்பு குணமானது போலத் தோன்றும். அந்த இடைவெளியில்தான் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். ஆகவே வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல், மீந்த காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: கடையில் கிடைக்கும் பால் காளானும் காட்டுக் காளான்தானா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஒரு காலத்தில் ஆம். 1974ஆம் ஆண்டு மேற்கு வங்கத்திலிருந்து ஆய்வாளர்கள் விவரித்த இந்தக் காளான், வெப்பத்தைத் தாங்குவதால் நம் ஊருக்கு ஏற்ற பயிராயிற்று. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் 'ஏபிகே 2' என்ற இரகத்தை வெளியிட்டது. புற்றுக் காளானை அவ்வாறு பண்ணைக்குக் கொண்டுவருவது எளிதன்று, ஏனெனில் அதைப் பயிர் செய்யும் கறையானையும் சேர்த்தல்லவா கொண்டுவர வேண்டும்!