மோர்ஸ் கீயை விட்ட பிறகும் ஒலி இழுப்பது ஏன்?

கேள்வி: 555 டைமர் ஐ.சி.யில் மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) பயிற்சி கிட் செய்தேன். 9 வோல்ட் பேட்டரியிலிருந்து கீ (அழுத்தும் சாவி) வழியாக ஐ.சி.யின் 8-ஆவது பின்னுக்கு (காலுக்கு) மின்சாரம் போகிறது. 8-க்கும் 1-க்கும் (கிரவுண்ட், அதாவது பேட்டரியின் நெகட்டிவ்) குறுக்கே 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர். வேகமாக அடித்தால் புள்ளிகள் ஒட்டிக்கொள்கின்றன.

பதில்: கீயை விட்ட பிறகும் அந்தக் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் ஐ.சி.யை ஓட்டுகிறது. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லி விநாடி. எழுத்துக்குள் வரும் இடைவெளியும் அவ்வளவுதான். ஒலியின் வால் அதை விழுங்கிவிடுகிறது.

கெபாசிட்டர் இருக்கட்டும், கீயை இடம் மாற்றுங்கள். பேட்டரியை ஒரு சுவிட்ச் வழியாக நேரே 8-க்குக் கொடுங்கள். 4-ஆவது பின் பாசிட்டிவில் இருந்தால் அந்த வயரை எடுத்துவிட்டு, 4-லிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். கீ, 4-க்கும் பாசிட்டிவுக்கும் நடுவே. 4-ஆவது ரீசெட் பின்; அதில் பாசிட்டிவ் இருந்தால்தான் ஐ.சி. ஒலி எழுப்பும். இனி கையை எடுத்ததும் ஒலி பட்டென்று நிற்கும்.

சுருதியையும் சரிபாருங்கள். 8-7 நடுவே 1 கிலோ ஓம், 7-6 நடுவே 10 கிலோ ஓம், 6-ம் 2-ம் சேர்ந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் இருந்தால் ஏறக்குறைய 690 ஹெர்ட்ஸ் வரும். நெடுநேரம் கேட்டாலும் காது சலிக்காத சுருதி அது. இந்த 0.1 கெபாசிட்டர் மேல் '104' என்றிருக்க வேண்டும்; தவறி 10 மைக்ரோ ஃபாரட் மாட்டினால் ஸ்பீக்கரில் 'டிக் டிக்' மட்டுமே கேட்கும்.

பயிற்சி முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஒலி இல்லாதபோதும் சாதாரண 555 சில மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும்.